ஆளுக்கு ஒரு கை

கிட்டாரில் ஆறாவது கம்பியைக் கழற்றியாகிவிட்டது. மணி பத்து ஐந்து. பதினொரு மணிக்கு வருகிறோம் என்றிருக்கிறார்கள், சென்னைக்காரர்கள் பதினொன்று என்றால் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இவர்கள் காலை ரயிலில் வந்து லாட்ஜில் குளித்துவிட்டு வருகிறவர்கள், முன்னாடியே வந்து நின்றாலும் நிற்பார்கள். அதற்குள் ஆறு கம்பியும் மாற்றி, இழுத்துவிட்டு, சுருதி நிற்க வைத்து, புடவையும் மாற்றியாக வேண்டும். பேட்டி அன்றைக்குக் காலையில் கம்பி மாற்றுகிற மடச்சி திருச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புதுக் கம்பி ஒரு நாளாவது கிடந்து பழக வேண்டும், இல்லையென்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டே போகும். தெரியும். நேற்றே மாற்றியிருக்கலாம். நேற்று முழுக்கப் போனில் அந்த மூன்று கேள்வியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிருபாகர் என்று பேர், இசைக்கென்றே ஒரு சேனல் நடத்துகிறார், மரியாதையான மனுஷர், முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டார். ஒன்று, உங்கள் இசையில் தாக்கம் செலுத்தியவர்கள் யார் யார். இரண்டு, உங்களுக்கே உரிய அந்த டியூனிங் எப்படிப் பிறந்தது. மூன்று, வாசிக்கும்போது வலது கைக் கட்டைவிரலால் மரத்தில் தட்டுகிறீர்களே, அந்த நுட்பம். மூன்றுக்கும் ஒரே பதில்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும். செசி. செசிலியா, என் அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நாசிக்கில் இருக்கிறாள், இந்நேரம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். இருபத்தெட்டு வருஷத்தில் எவ்வளவோ பேர் கேட்டாகிவிட்டது, ஒருத்தரிடமும் அந்தப் பேரை நான் சொன்னதில்லை.

என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். முதல் தடவை ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது பக்கத்து வீட்டு வீணை என்றேன். பக்கத்து வீட்டில் வீணை இல்லை, ஒரு தையல் மிஷின் இருந்தது. இன்னொருவரிடம் பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு என்று அடித்துவிட்டேன், அப்பா அங்கே ஃபிட்டர், தினமும் அந்தச் சங்கு ஊதித்தான் எங்களுக்குப் பொழுது விடியும், அதுவரைக்கும் நிஜம். அந்தச் சங்கின் நாதம்தான் என் ஐந்தாவது கம்பி என்றேன் பாருங்கள், அது பிடித்துக்கொண்டது. ஒரு புண்ணியவான் அதை வைத்து நாலு பக்கம் எழுதினார், ஆலைச் சங்கின் ஏக்கம் அமலியின் ஐந்தாவது கம்பியில் உறைந்திருக்கிறது என்று. படித்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அடடே உண்மைதானோ என்று. ஐந்தாவது கம்பியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற ஐந்தும் சேர்ந்து அழகாக ஒரே சுரக்கூட்டமாக நிற்கின்றன, கை வைக்காமல் சும்மா மீட்டினாலே போதும். அந்த ஒன்று மட்டும் கூட்டத்தில் ஒட்டாமல் இரண்டு படி கீழே நின்றுகொண்டு எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதுதான் உங்கள் முத்திரை என்கிறார்கள். இரண்டு ஆல்பத்துக்கும் அதைத்தான் பாராட்டினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். வெட்கமாக இருக்கும், ஆனாலும் ஆட்டுவேன்.

ஆறாவது ஏறிவிட்டது. நாலாவதைக் கழற்று. ஐந்தாவதை எப்போதும் கடைசியில்தான் மாற்றுவேன், ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பேன். இந்த கிட்டார் வேறு, சின்ன வயதில் வீட்டில் இருந்த அந்த கிட்டார் வேறு. அது ரெபேரோ குடும்பம் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியா போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது, சாமான் கட்டிக் கொடுத்ததற்கு. ஒரே கிட்டார், வீட்டில் இரண்டு பெண். எனக்குப் பத்து, செசிக்குப் பன்னிரண்டு. ஒரு வாரம் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டோம், அம்மா பார்த்தாள், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். ஆளுக்கு ஒரு கை. பெரியவள் இடது கை, சின்னவள் வலது கை. தோசையைப் பிய்த்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள், அவளுக்கு கிட்டாரைப் பற்றி என்ன தெரியும். நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். கிட்டார் என் மடியில், செசி என் இடது பக்கம் ஒட்டி உட்காருவாள், கிட்டார் கழுத்தை அவள் பிடிப்பாள், மீட்டுவது நான். கம்பிகளில் விரல்களைச் சேர்த்து அழுத்துகிற கார்ட் என்பதை நாங்கள் பிடி என்போம். எந்தப் பாட்டுக்கு எந்தப் பிடி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்தாள், நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, எனக்கு எதற்கு, எனக்கு வலது கைதானே. அவளுடைய இன்னொரு கை சும்மா இருக்குமே, அதை என் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்வாள், முதுகிலேயே தாளம் தட்டுவாள். நான் வேகமெடுத்தால் அழுத்தித் தட்டுவாள். கோயில் பாட்டுக் குழுவில் ஒன்பது வருஷம் அப்படித்தான் வாசித்தோம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற சனத்தைச் சாமியார் பிரசங்கத்திலேயே கண்டித்திருக்கிறார். ஒரே மனுஷி வாசிக்கிற மாதிரிதான் இருக்கும் என்பார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான், கிருபாகர் சார். அவள் போன பிறகு முதுகில் தட்ட ஆள் இல்லை, அதனால் நானே மரத்தில் தட்டிக்கொள்கிறேன். நுட்பமாவது மண்ணாவது.

சொல்லிவிடலாம் இதையெல்லாம். இவ்வளவு சொன்னால் நல்லாத்தான் இருக்கும், அக்கா தங்கை, ஒரே கிட்டார், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதற்கு அப்புறம் அந்த மனுஷர் கேட்பாரே, சரி மேடம், அந்த ஐந்தாவது கம்பி? அங்கேதான் நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் வீணை, அதனால்தான் சங்கு. நாலாவது ஏறிவிட்டது. இழு, விரலைக் கொடுத்து மெதுவாக இழு, இறங்குகிறது பார், மறுபடி ஏற்று. கம்பி விரலை அறுக்கிறது. விரல். எனக்குப் பத்தொன்பது நடக்கும்போது செசிக்கு நாசிக்கில் இருந்து மாப்பிள்ளை வந்தார், அங்கே ரயில்வேயில் வேலை, நல்ல மனுஷர், இன்றைக்கும் நல்ல மனுஷர்தான். செசி சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அவள் கல்யாணம், அவள் வாழ்க்கை, இப்போது சொல்கிறேன், அப்போது என் கையில் பாதியை யாரோ வெட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கல்யாணம் முடிந்து, ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். துணிக்கு நடுவே அந்த நோட்டையும் வைத்தாள். அது இங்கே இருக்கட்டும் என்றேன். நான் எழுதினதுதானே என்றாள். உனக்கு எதுக்கு, அங்கே யார் மீட்டுவா என்றேன். உனக்கு எதுக்கு, இங்கே யார் பிடிப்பா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் மூடியைத் தள்ளினேன். தகரப் பெட்டி மூடி கனமாக இருக்கும், விளிம்பு கத்திதான். அவள் கை உள்ளே இருந்தது.

இருந்தது சரி, நான் பார்த்தேனா? இங்கேதான் வந்து வந்து நிற்கும். மூடியைத் தள்ளுகிற நேரத்தில் என் கண் எங்கே இருந்தது, அவள் முகத்திலா, நோட்டிலா, கையிலா. நோட்டு என்றால் நோட்டின் மேல்தான் அவள் விரல், அப்படியென்றால் பார்த்திருக்க வேண்டும். இல்லை, முகத்தைத்தான் பார்த்தேன், அந்தச் சிரிப்பை. சிரிப்பைப் பார்த்தால் மட்டும் கை தெரியாதா, குனிந்துதானே அடுக்கிக்கொண்டிருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அக்காவோடு சண்டை போட்டேன் சாமி என்பதோடு நிறுத்திவிட்டேன், சாமியார் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன், தீரவில்லை. மூன்றாவது கம்பி. கீயைத் திருகு, இன்னும், இன்னும், போதும். அன்றைக்குச் செசி கத்தவில்லை. கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மூடி விழுந்த சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தபோது ஆள்காட்டி விரலில் இருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வழிகிறது, நகம் பாதி இல்லை, அம்மா என்னடி என்னடி என்கிறாள், செசி என்னைப் பார்க்காமலே சொன்னாள், கதவு காத்துல சாத்திடுச்சும்மா. அன்றைக்குக் காற்றே இல்லை. சித்திரை மாதம், ஒரு இலை அசையவில்லை. அம்மா அதையும் நம்பினாள். அன்று சாயந்தரமே எங்கிருந்தோ ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அந்த அறைக் கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். குவார்ட்டர்ஸை விட்டு வருகிற வரைக்கும் அந்தச் செங்கல் அங்கேயே இருந்தது, வீட்டில் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டோம், நான்தான் அதிகம். இப்போது அம்மா நாசிக்கில் செசியோடு இருக்கிறாள், எண்பத்திரண்டு வயது, மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே வந்து பத்து நாள் இருந்தபோதும் முதல் வேலையாகக் கீழே கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு செங்கல் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். அதோ, ஹாலில் கதவுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப்போட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. கட்டுப் போட்ட விரலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம், முடியாது என்றார்கள். கடைசிப் பூசை, வாசிச்சுட்டுப் போறேன் என்றாள். அவள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்காதீர்கள், ஆள்காட்டி விரல் வேண்டாத பிடிகளாகப் பார்த்து மாற்றி மாற்றிப் பிடித்தாள். முடிவில் ஆமென் என்று நிற்கிற பிடிக்கு மட்டும் வேறு வழி இல்லை. அந்தப் பிடிக்குப் பேர் ஜி. நடுவிரல் ஆறாவது கம்பியில், மோதிர விரல் முதல் கம்பியில், ஆள்காட்டி ஐந்தாவதில் அழுத்த வேண்டும். அதை அவள் தூக்கியே வைத்திருந்தாள், வெள்ளைத் துணி சுற்றிய விரல் என் கண்ணுக்கு நேரே. நான் மீட்டினேன். ஐந்தாவது மட்டும் பிடிக்க ஆளில்லாமல் இரண்டு படி கீழே நின்றது. கோயிலில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முதுகில் செசி ஒரு தட்டுத் தட்டினாள், மெதுவாக. திங்கட்கிழமை போய்விட்டாள், நோட்டும் போய்விட்டது. எனக்கு ஒரு பிடியும் தெரியாது. கழுத்தில் கை வைத்தால் என் இடது கை மரக்கட்டை. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள மனசில்லை, அது செசியுடைய கை, எனக்கு எதற்கு அது. ஒரு மாதம் கழித்து, பிடியே இல்லாமல் வாசித்தால் என்ன என்று கீயைத் திருக ஆரம்பித்தேன். அந்தக் கடைசிச் சத்தம் காதில் அப்படியே இருந்தது, அதைக் கம்பியிலேயே கட்டிவைக்கப் பார்த்தேன். அவள் பிடித்த உயரத்துக்கே ஏற்றப்போய் ஆறாவது அறுந்து கையில் அடித்தது, நல்லா வேணும். சரி என்று ஆறையும் ஒன்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடுவில் இருக்கிற நாலையும் மூன்று மூன்று படி இறக்கினேன். வந்துவிட்டது. ஐந்தாவதை மட்டும் இரண்டு படி ஏற்றிச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கலாம், கை வைத்தேன், ஏற்றவில்லை. இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். என் அக்காவின் விரல் இல்லாத இடம், அதை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மணி பத்து நாற்பது. இரண்டாவதும் ஒன்றாவதும் முடிந்தது. ஐந்தாவது பாக்கி. போனை எடுத்தேன், நானாக எடுத்தேனா, கை எடுத்தது. நாங்கள் பேசாதவர்கள் இல்லை, வாரம் இரண்டு தடவை பேசுவோம், அம்மாவின் சுகர், அங்கே முருங்கைக்காய் கிடைக்காதது, அவள் மகனுக்குப் பெண் பார்ப்பது. கிட்டாரைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அவள் விரல் அன்றோடு சரியாகவில்லை, நுனி மூட்டு வளைந்தபடியே நின்றுவிட்டது, பட்டன் போடக் கஷ்டப்படுவாள், போன தடவை பார்த்தபோதுகூட ரவிக்கைக் கொக்கியை அம்மாதான் மாட்டிவிட்டாள். செசி எடுத்தாள், பின்னால் குக்கர் விசில். வந்துட்டாங்களா, எப்ப காட்டுவாங்க, அம்மா நேத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கா என்றாள். அடுத்த ஞாயிறு வரும் என்றேன். என்ன புடவை என்றாள். பச்சை என்றேன். வேண்டாம், அதுல நீ சீக்காளி மாதிரி இருக்க, நீலத்தைக் கட்டு என்றாள். சரி என்றேன். அப்புறம் கேட்டேவிட்டேன்.

“அக்கா, இன்னிக்கு அந்தப் பெட்டி விஷயத்தைச் சொல்லிடட்டுமா?”

குக்கர் இன்னொரு விசில் அடித்து ஓய்ந்தது. போனை அவள் வேறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. எந்தப் பெட்டி என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

“கதவு காத்துல சாத்திடுச்சு. அவ்வளவுதான் அமலி. அம்மா பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா.”

அப்புறம் வைக்கட்டுமா, மாவு காயுது என்றாள், வைத்துவிட்டாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, நீலப் புடவை என்று சொன்ன அதே குரல். இருபத்தெட்டு வருஷமாக அவள் ஒருத்தியே அந்தக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அந்த வளைந்த விரலோடு. பார்த்தியா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவள் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்கவே இல்லையே பாவி. கேட்காததற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும், அது எனக்குத் தெரிந்ததுதான், இவ்வளவு காலம் கம்பியைத் திருகித் திருகி அதைத்தான் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நான் பார்த்த மாதிரியே என் முகத்தை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், என் கண் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாவதைப் போட்டு ஏற்றினேன். புதுக் கம்பி, இறங்கிக்கொண்டே இருந்தது, ஏற்ற ஏற்ற இறங்கிற்று. புடவை மாற்றப் போனேன். நீலம் சலவைக்குப் போயிருந்தது, பச்சையையே கட்டிக்கொண்டேன்.

பதினொன்று அடித்து ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் வந்துவிட்டார்கள், கிருபாகரும் ஒரு கேமராக்காரரும். வணக்கம் மேடம் என்று கும்பிட்டபடி உள்ளே வந்தவர் நேராகச் செங்கல்லில் போய் இடித்துக்கொண்டார். பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார், நான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன், ஒன்றும் இல்லை மேடம் என்று சிரித்தார். நாற்காலியைப் போட்டார்கள், கிட்டார் என் மடிக்கு வந்தது, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்தார்கள். கேமராக்காரர் ஒரு குட்டி மைக்கை என் புடவையில் மாட்டினார். கிருபாகர் எதிரே உட்கார்ந்து தாளைப் பிரித்தார், தாக்கம் செலுத்தியவர்கள் என்று ஆரம்பிக்கப் போகிறார், நானும் சங்கு என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். அவர் கண் கதவுப் பக்கம் போயிற்று. எதுக்கு மேடம் இந்தச் செங்கல், காத்துல கதவு அடிக்குமோ என்றார், சும்மா பேச்சுக்கு.

“கதவு அடிக்காது,” என்றேன். “என் அக்கா விரல்ல பெட்டி மூடியைத் தள்ளினது நான்.”

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. இடது கையை கிட்டார் கழுத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், ஆளுக்கு ஒரு கை, நோட்டு, சித்திரை மாதம், ஆமென், வெள்ளைத் துணி சுற்றிய விரல். தெரியாமல் நடந்துவிட்டது என்கிற மாதிரிதான் சொன்னேன், சண்டையில் தள்ளிவிட்டேன், கை உள்ளே இருந்ததைக் கவனிக்கவில்லை என்று. வாய் அப்படித்தான் போயிற்று. ஒரு தடவைகூட நிற்காமல் சொன்னேன், சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. கிருபாகரின் கண் கலங்கியிருந்தது. பின்னால் கேமராக்காரர் எதையோ தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சாரி சார், மைக் ஆன்ல இல்லை, ஒண்ணுமே பதிவாகலை என்றார். கிருபாகருக்கு முகம் செத்துவிட்டது. கோபத்தை அடக்கிக்கொண்டு என்னிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்டார், மேடம், தப்பா நினைக்காதீங்க, மறுபடி ஒரே ஒரு தடவை முதல்ல இருந்து சொல்ல முடியுமா, கஷ்டமா இருந்தா விட்டுடலாம், வேற கேள்வியிலேருந்துகூட ஆரம்பிக்கலாம் என்று. விட்டுடலாம்தான். ஒன்றுமே பதிவாகவில்லை, கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது, அம்மா அடுத்த ஞாயிறு நாசிக்கில் உட்கார்ந்து சங்கைக் கேட்டுவிட்டுப் பெருமையாகத் தூங்கப் போகலாம். கட்டைவிரல் தானாக மரத்தில் ஒரு தட்டுத் தட்டிற்று. ஐந்தாவது கம்பி இறங்கியிருந்தது, கீயைத் திருகி அதை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன், சரியாக இரண்டு படி கீழே. மைக் ஆன் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பார்த்துக்கொண்டார்கள்.

“என் அக்கா பேரு செசிலியா. அவ கை பெட்டிக்குள்ள இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் மூடினேன்.”